பொறுத்துக்கொள்ளும் வீடு

"வெள்ளைக் கோழி முதுகுல சிவப்பு இறகு முளைக்கட்டும். அன்னைக்கு நீ அந்தப் பொண்ணைக் கட்டிக்கலாம்" என்றார் அப்பா.

நடக்காத காரியத்துக்கு எல்லோரும் சொல்கிற மாதிரிதான் சொன்னார். வேறு வீடாக இருந்தால் பேச்சு அத்தோடு முடிந்திருக்கும். எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ப்பக்கம் என் அக்கா சிவகாமி உட்கார்ந்திருந்தாள். வாயிலிருந்த சோற்றை மென்று முடித்து, தண்ணீர் குடித்து, நிதானமாகக் கேட்டாள்.

"நிஜமாவா, பப்பா?"

"நான் என்னைக்குப் பொய் சொல்லியிருக்கேன்?"

"எத்தனை இறகு?"

அப்போதாவது அப்பாவுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. "ஒண்ணு போதும்" என்று பெருந்தன்மையாகக் கையை வீசினார். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். எனக்கும் ஒன்றும் புரியவில்லை.

இது நடந்தது ஐம்பத்தேழாம் வருடம், எங்கள் தீவின் பீனிக்ஸ் ஊரில். அப்பா முனிசாமிக்கு அங்கே ஒரு ஹார்டுவேர் கடை. எங்கள் கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்ட வேலைக்கு இந்தத் தீவில் கப்பலிலிருந்து இறங்கியபோது வேலாயுதன். பெயர் எழுதிய பிரெஞ்சுக்காரனின் காதில் அது வலேதோன் என்று விழுந்திருக்கிறது. அதனால் கடை வாசலில் 'வலேதோன் எ ஃபிஸ்' என்று பலகை. வலேதோனும் மகனும் என்று அர்த்தம். மகன் நான்தான், சபாபதி. ஒரு நாள்கூட அந்தக் கடையில் உட்கார்ந்ததில்லை. போர்ட் லூயி துறைமுகத்தில் சுங்க இலாகா குமாஸ்தாவாகப் போய்விட்டேன். ஆனாலும் பலகை அப்படியே இருந்தது. அப்பாவுக்குப் பலகை என்றால் உயிர்.

எங்கள் வீட்டில் சண்டை தீவின் தெருமொழியான க்ரெயோலில், சாமி தமிழில், படிப்பு இங்கிலீஷில். பிரெஞ்சு மரியாதைக்கு. அப்பாவிடம் மரியாதை நிறைய, பிரெஞ்சு கொஞ்சம். ஆணி, கீல், கூரைத் தகரம், 'எப்படி இருக்கிறீர்கள் மதாம்' இவ்வளவையும் பிரெஞ்சில் அழகாகச் சொல்வார். அதைத் தாண்டினால் காடு. கோயில் கமிட்டித் தலைவர் என்பதால் கெட்ட வார்த்தை எந்த மொழியிலும் தெரியாது. பின்னால் வந்த வினைக்கெல்லாம் அதுதான் காரணம்.

நான் கட்டிக்கொள்ள விரும்பிய பெண் ஊகெட். ஆஸ்பத்திரியில் நர்ஸ். துறைமுகத்தில் என் காலில் ஆணி குத்தியபோது கட்டுப் போட்டவள். ஆணி அப்பா கடையில் விற்றதாகத்தான் இருக்கும் என்று சொல்லிச் சிரிப்பாள். அவளை நினைக்காமல் எனக்கு ஒரு பொழுதும் போகாது. அதை வெட்கப்படாமல் சொல்கிறேன். அப்பா மூன்று விரல்களை மடக்கினார். ஒன்று, ஆப்பிரிக்க வம்சத்து க்ரெயோல் பெண். இரண்டு, கத்தோலிக்கப் பெண். மூன்று, துறைமுகக் கூலிக்காரர்கள் குடியிருக்கும் ரோஷ் புவா. மூன்றாவதைச் சொல்லும்போதுதான் முகம் அதிகமாகச் சுளித்தது.

"அந்நிய ஜனம்டா, சபா. எப்படி ஒட்டும்?"

அக்கா லண்டனில் உயிரியல் படித்துவிட்டு வந்து பெண்கள் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். கல்யாணப் பேச்சை எடுத்தால் தவளையை அறுக்கிற கத்தியைத் தேடுவாள். அப்பா கையை வீசிய மறுநாளே, கொல்லையிலிருந்த பழைய கோழிக்கொட்டகையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தாள். வெள்ளைச் சீமைக்கோழி முட்டைகளும், ஒரு சிவப்புச் சேவலும் வந்தன. மெல்லிய ஊசிகள் சிலவும் வந்தன. ஊசிகளை வாங்கித் தந்தவள் ஊகெட். அது அப்பாவுக்குத் தெரியாது.

"என்னம்மா பண்ணப் போறே?" என்று அப்பா கொட்டகை வாசலில் நின்று கேட்டார்.

"சேவலோட தோல்ல ஒரு துண்டு எடுத்துக் கோழி முதுகுல ஒட்டப்போறேன். சிவப்பு இறகு முளைக்கும்."

"ஒட்டினா ஒட்டுமா?"

"சும்மா ஒட்டினா ஒட்டாது. கறுத்துக் காய்ஞ்சு விழுந்துடும். உடம்புக்குள்ள காவக்காரங்க இருக்காங்க, பப்பா. ரத்தத்துல வெள்ளையணுக்கள்னு பேரு. யாரு வீட்டு ஆளு, யாரு அந்நியன்னு பார்க்கறதே அவங்க வேலை. அந்நியத் தோல் வந்தா அடிச்சு விரட்டிடுவாங்க."

"சரிதானே, நல்ல காவக்காரங்க" என்றார் அப்பா, என்னை ஓரக்கண்ணால் பார்த்தபடி.

"ஆனா முட்டைக்குள்ள இருக்கறப்போ அந்தக் காவக்காரங்களுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது. யாரு நம்ம ஆளுன்னு அப்பத்தான் கத்துக்கறாங்க. அந்த நேரம் பார்த்துச் சேவலோட ரத்தத்தை ஒரு சொட்டு உள்ளே விட்டுட்டா, அதுல இருக்கற காவக்காரங்க இவங்களோடயே கலந்து வளர்ந்துடுவாங்க. அப்புறம் அதே சேவலோட தோல் வந்தா என்ன சொல்வாங்க?"

"என்ன சொல்வாங்க?"

"நம்ம ஆளு, உள்ளே விடு."

அப்பா சிரிக்கவில்லை. கொட்டகைக் கதவின் கீலை விரலால் தடவினார்.

"இது தோலுக்கு மட்டும்தானா?" என்று கேட்டார். "சிறுநீரகம் மாதிரி உள்ளே இருக்கறதுக்கு?"

"ஒரு நாள் அதுக்கும் வரும். அமெரிக்காவுல இரட்டைப் பிள்ளைங்கள்ல ஒருத்தரோடதை இன்னொருத்தருக்கு வெச்சிருக்காங்க. அது ஒட்டிக்கிச்சு. மத்தவங்களுக்கு வழி தேடிட்டு இருக்காங்க."

எங்கள் அம்மா பாக்கியம் சிறுநீரகம் கெட்டுத்தான் போனாள். ஆறு வருடம் ஆகியிருந்தது. அப்பா கடைக்குப் போய் ஒரு பூட்டு எடுத்துவந்து கொட்டகையில் மாட்டி, சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். அன்றிலிருந்து அக்கா அவரைக் கேட்டுத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது.

அப்புறம் நடந்ததைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். அக்கா முட்டையை விளக்கின் முன் பிடித்து, உள்ளே ஓடும் ரத்த நரம்பைக் கண்டுபிடித்து, ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டி ஊசி போடுவாள். விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் அப்பா. பாதி முட்டைகள் பொரிக்காமலே கெட்டுப் போயின. பொரித்த குஞ்சுகளில் சில, இரை தின்றும் தேறாமல் மெலிந்து செத்தன. "இது வேற கேடு" என்றாள் அக்கா. "உள்ளே போன காவக்காரங்க வீட்டுக்காரனையே வேண்டாம்னுட்டாங்க." வந்தவன் வீட்டுக்காரனை விரட்டுவதா என்று அப்பாவுக்கு அன்று முழுக்க மனசு ஆறவில்லை.

மிச்சக் குஞ்சுகளுக்கு அக்கா தோல் ஒட்டினாள். ஊசி போடாத குஞ்சுகளுக்கும் ஒப்பிட்டுப் பார்க்க ஒட்டினாள். அவற்றில் எல்லாம் கறுத்து விழுந்தது. ஒவ்வொரு தடவையும் அப்பா என்னிடம் வந்து, "விழுந்துடுச்சுடா" என்பார். வெற்றி பெற்றவர் முகமாக இருக்காது. என் கல்யாணம் நடக்கக் கூடாது, கோழி மட்டும் ஜெயிக்க வேண்டும். எந்தப் பக்கம் சேருவது என்று அவருக்கே பிடிபடவில்லை. கடையில் கீல் கேட்டவர்களுக்குத் தாழ்ப்பாள் கொடுத்து அனுப்பினார்.

ஊசி போட்ட ஒரு வெள்ளைக் குஞ்சின் மேல் ஒட்டிய தோல் மட்டும் விழவே இல்லை. அதன் முதுகில் சிவப்பாக ஒரு குருத்து எட்டிப் பார்த்ததை முதலில் பார்த்தவர் அப்பாதான். யாரிடமும் சொல்லவில்லை. பகலெல்லாம் கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடந்தார். சாயங்காலம் அக்காவைக் கூப்பிட்டு, "இது அழுக்கா, இறகா?" என்று கேட்டார். அக்கா பார்த்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். அப்பா அவள் தலையைத் தடவியபடியே என்னிடம் திரும்பினார்.

"வர ஞாயித்துக்கிழமை அவங்களைச் சாப்பிட வரச்சொல்லு" என்றார். வார்த்தை கொடுத்தால் கொடுத்ததுதான். கோயில் கமிட்டித் தலைவர் ஆயிற்றே. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். "பார்க்கத்தான் கூப்பிடறேன். பார்த்துட்டு வேண்டாம்னு சொன்னாலும் சொல்வேன்."

சனிக்கிழமை நான் வேலையிலிருந்து நேராக நண்பன் வீட்டுக்குப் போய்த் தங்கிவிட்டேன், காலையில் ரோஷ் புவாவிலிருந்து அவர்களை அழைத்துவர வசதியாக இருக்கும் என்று. அந்த ஒரு நாள் நான் வீட்டில் இல்லாமல் போனதுதான் வினை.

வருகிறவர்கள் பிரெஞ்சு பேசுகிறவர்கள். அவர்கள் முன்னால் தாழ்ந்துபோகக் கூடாது என்று அப்பாவுக்கு எண்ணம். மகள் செய்திருப்பதோ தீவில் யாரும் செய்யாத காரியம். அக்காவிடம் கேட்டிருக்கிறார்.

"நீ பண்றதுக்குப் பிரெஞ்சுல என்ன பேரு?"

"தொலேரான்ஸ், பப்பா. பொறுத்துக்கறது. அந்நியத்தை உடம்பு பொறுத்து ஏத்துக்கறது."

அவ்வளவுதான். பெயிண்டர் க்ளோடைக் கூப்பிட்டு ஒரு பலகைக்குச் சொல்லிவிட்டார். கொட்டகை ஒரு வீடு. வீடு என்றால் மெஸோன். எனவே 'மெஸோன் த தொலேரான்ஸ்'. க்ளோட் தொப்பியைக் கழற்றி, தலையைச் சொறிந்து, "நிச்சயமாத்தானா, மிஸ்யே?" என்று கேட்டிருக்கிறான். "நிச்சயமா. எழுத்து பெரிசா இருக்கட்டும். கீழே கடைப் பலகை மாதிரியே போடு, மகனுக்குப் பதிலா மகள்" என்றிருக்கிறார் அப்பா. கொட்டகை கொல்லையில் இருந்தால் பலகை யார் கண்ணில் படும்? அதனால் தெருவைப் பார்த்த கேட்டில் மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை டாக்ஸியில் மூன்று பேர் வந்தோம். ஊகெட்டின் அப்பா ரெஜிஸ், துறைமுகத்தில் மூட்டை இறக்கும் கூட்டத்துக்கு மேஸ்திரி. கப்பல் தளத்தில் அவர் குரல் கேட்டால் கிரேன் நின்றுவிடும். அன்று வெள்ளைத் தொப்பி வைத்திருந்தார். அவருடைய அக்கா எவெலின், தாயில்லாத ஊகெட்டை வளர்த்தவர்; மாதா கோயிலில் முன்வரிசையில் நின்று பாடுகிறவர். முதல் தடவை பெண் வரக் கூடாது என்று ஊகெட்டை வீட்டில் விட்டுவிட்டார்கள். பீனிக்ஸ் மழைக்குக் கேட்பானேன். வீட்டுக்குச் சற்று முன்னால் டாக்ஸியின் சக்கரம் சாக்கடையோரச் சேற்றில் இறங்கியது. "நீங்க நடங்க, நான் தள்ளிட்டு வரேன்" என்றேன்.

தள்ளி முடித்து நிமிர்ந்தபோதுதான் பலகையைப் பார்த்தேன். நீலத்தில் வெள்ளை எழுத்து. எதிர்த்தெருவிலிருந்தே படிக்கலாம்.

விஷயம் இதுதான். பிரெஞ்சில் 'மெஸோன் த தொலேரான்ஸ்' என்றால் அரசாங்கம் பார்த்தும் பாராமல் பொறுத்துக்கொள்கிற வீடு. அதாவது விலைமாதர் விடுதி. அதற்குக் கௌரவமான மனிதர்கள் வைத்த கௌரவமான பெயர். க்ரெயோலில் அதற்கு வேறு பெயர்கள் உண்டு. அப்பாவின் வாயில் வராத பெயர்கள். கன்னியாஸ்திரீகள் பள்ளியில் பிரெஞ்சு படித்த அக்காவுக்கு இதை யார் சொல்லித் தந்திருப்பார்கள்? அந்தப் பலகையின் கீழே 'வலேதோன் எ ஃபீய்'. வலேதோனும் மகளும். அந்த இடத்தில் ஃபீய் என்ற சொல்லுக்கும் வேறு பொருள் உண்டு.

அப்பா கேட்டில் சந்தனப்பொட்டோடு, கைகளை விரித்து நின்றுகொண்டிருந்தார்.

"மிஸ்யே வலேதோன்," ரெஜிஸின் குரல் ரொம்ப மெதுவாக வந்தது. "இந்தப் பலகை உங்களுதா?"

"என்னுதேதான்! நேத்துதான் மாட்டினேன். நல்லா இருக்கா?"

எவெலின் அத்தை மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"உள்ளே... இப்ப இருக்காங்களா?"

"பதினாறு உருப்படி. வெள்ளையும் சிவப்பும். எல்லாம் சீமை ஜாதி. பின்பக்கம் வெச்சிருக்கேன், தெருச்சத்தம் ஆகாது பாருங்க. ராத்திரியெல்லாம் விளக்கு எரியும்."

"உங்க மகள்?"

"எல்லாம் அவ கைதான், மிஸ்யே! லண்டன்ல கத்துக்கிட்டு வந்தா. நான் பூட்டைத் திறந்து விட்டுட்டு ஓட்டை வழியாப் பார்க்கறதோட சரி. எங்க கோயில் கமிட்டி முழுக்க வந்து பார்த்துட்டுப் போயாச்சு."

நான் ஓடிக்கொண்டிருந்தேன். சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டது.

"உங்க பொண்ணும் கல்யாணத்துக்கு அப்புறம் இதுல கை கொடுக்கலாம்" என்றார் அப்பா, மனசில் இருந்த கடைசிக் கல்லையும் இறக்கி வைத்தவராக. "நர்ஸ் ஆச்சே. சீக்கிரம் பழகிடுவா."

ரெஜிஸ் தொப்பியை எடுத்து மறுபடி வைத்துக்கொண்டார். எவெலின் அத்தையின் கையைப் பிடித்துத் திரும்பினார். நான் குறுக்கே போய் விழுந்தேன்.

"மிஸ்யே ரெஜிஸ், அது கோழிங்க! வெறும் கோழிங்க!" என்று கத்தினேன். பதற்றத்தில் அதையும் பிரெஞ்சில் கத்தித் தொலைத்தேன். 'புல்' என்று. பிரெஞ்சில் கோழிக்கும் புல்தான், அந்தத் தொழில் செய்கிறவளுக்குச் செல்லப்பெயரும் புல்தான்.

"உன்னை நல்ல பிள்ளைன்னு நெனச்சேன், சபா" என்று மட்டும் சொன்னார் ரெஜிஸ். நான் தள்ளிக் கரையேற்றிய டாக்ஸியிலேயே ஏறிப் போய்விட்டார்கள்.

வாழையிலையில் ஏழு கறியும் ஆறிக்கொண்டிருந்தன. பலகையின் அர்த்தத்தை அப்பாவிடம் க்ரெயோலில் சொல்ல வேண்டிய கொடுமை என் தலையில் விழுந்தது. சொன்னேன். அக்கா சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"ஃபீய்னா?" என்றார் அப்பா.

"அதுவும் அப்படித்தான், பப்பா."

அந்த நேரம் பார்த்து, தலைக்கு எண்ணெய் தடவி டை கட்டிய இரண்டு இளைஞர்கள் கேட்டருகே வந்து, எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்று மரியாதையாக விசாரித்தார்கள். அப்பா ஏணியில்லாமலே ஏறிப் பலகையைப் பிடுங்கினார்.

அப்புறம் அவர் கோபித்தது அக்காவை அல்ல, என்னையும் அல்ல. நாற்காலியில் உட்கார்ந்து, "என்னை வேண்டாம்னு சொல்ல அவங்க யாரு?" என்றார். வேண்டாம் என்று சொல்லும் உரிமை தனக்கு மட்டும்தான் உண்டு என்று அதுவரை நினைத்திருந்தார். எதிராளிக்கும் ஒரு வாய் இருக்கிறது என்பது அவருக்குப் புதுச் செய்தி.

"மெலிஞ்சு செத்த குஞ்சுங்களை மறந்துட்டீங்களா, பப்பா?" என்றாள் அக்கா. "வீட்டுக்காரன் மட்டும்தான் வேண்டாம்னு சொல்வான்னு எந்தச் சட்டமும் இல்ல."

திங்கட்கிழமை நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஊகெட்டுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மருந்து அறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்று கண்ணீர் மட்டும் மிஞ்சியது.

"அப்பா என்னை அடுத்த கப்பல்ல ரொட்ரிக்ஸ் தீவுக்கு அனுப்பறார், சபா. சித்தப்பா வீட்டுக்கு. நீ சொன்னா நம்ப மாட்டார், நான் சொன்னாலும் நம்ப மாட்டார். உங்கப்பா வந்து சொல்லணும். வருவாரா?"

ரோஷ் புவா என்றாலே முகம் சுளிக்கிறவர் அங்கே வருவாரா? எனக்கு நம்பிக்கையே இல்லை. வீட்டுக்குப் போய் அவள் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன். கப்பல் கிளம்பும் படம்தான் கண்ணுக்குள் ஓடியது.

சனிக்கிழமை மத்தியானம் அப்பா கோயில் கோட்டைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நின்றார். கையில் வக்வா என்கிற தாழை ஓலையில் பின்னிய சந்தைக் கூடை. கூடையிலிருந்து ஒரு வெள்ளைத் தலை எட்டிப் பார்த்தது.

"வா" என்றார். "கூடையோட ரெண்டு பேருக்கு உக்கார இடம் இருக்கற பஸ்ஸாப் பாரு."

ரோஷ் புவாவில் ரெஜிஸின் வீடு தகரம் வேய்ந்தது. அப்பா வாசலிலேயே கூரையை ஒரு பார்வை பார்த்தார். தகரம் நல்ல தரம் என்று அவர் முகத்தில் தெரிந்தது. ரெஜிஸ் உட்காரச் சொல்லவில்லை. ஊகெட் கதவோரம் நின்றாள். எவெலின் அத்தை, வரக் கூடாத சொல் ஏதாவது வந்தால் காதைப் பொத்த வசதியாகக் கைகளை மேலேயே வைத்திருந்தார்.

அப்பா பிரெஞ்சை முயற்சி செய்யவே இல்லை. கூடையைத் திறந்து கோழியை மேஜைமேல் விட்டார். "இதுதான் என் வீட்டுல இருக்கற புல்" என்று க்ரெயோலில் சொன்னார். "மத்த பதினஞ்சும் இதோட சொந்தக்காரங்க."

வெள்ளைக் கோழியின் முதுகில் சிவப்பு இறகுகள் கொத்தாக நின்றன. ரெஜிஸ் குனிந்து பார்த்தார்.

"பசை வெச்சு ஒட்டினீங்களா?"

"இழுத்துப் பாருங்க."

இழுத்தார். கோழி அவர் விரலைக் கொத்திவிட்டு, மேஜைமேல் இருந்த வெள்ளைத் தொப்பிக்குள் ஏறி நின்று, அங்கேயே காரியத்தை முடித்தது. கதவோரம் ஊகெட் வாயைப் பொத்திக்கொண்டாள். எவெலின் அத்தையின் தோள்கள் குலுங்கின. ரெஜிஸ் தொப்பியைப் பார்த்தார், கோழியைப் பார்த்தார். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

"சரி, கோழிதான். ஒத்துக்கறேன். ஆணி விக்கற மனுஷன் ஒரு கோழிக்கு ஏன் இவ்வளவு பாடுபட்டீங்க?"

அப்பா அதற்குச் சொன்ன பதிலை நானோ அக்காவோ அதுவரை கேட்டதில்லை.

"என் பெண்டாட்டிக்குச் சிறுநீரகம் ரெண்டும் போயிடுச்சு, மிஸ்யே ரெஜிஸ். நான் டாக்டர்கிட்டப் போனேன். எனக்கு ரெண்டு இருக்கே, ஒண்ணை எடுத்து அவளுக்கு வைங்கன்னு சொன்னேன். அது நடக்காது, அவ உடம்பு ஏத்துக்காது, நீங்க அவளுக்கு அந்நியர்னார். முப்பது வருஷம்! ஒரே வீடு, ஒரே சட்டிச் சோறு. என்னை அந்நியன்னுட்டார்." குரல் உடைந்ததை மறைக்கக் கோழியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். "டாக்டர் சொன்னது நிஜம்தானாம். உடம்புக்கு அவ்வளவுதான் தெரியுமாம். என் பொண்ணு சொன்னா. உடம்புக்குப் புத்தி இல்ல, சரி. உங்க பொண்ணைப் பத்தி என் பையன் சொன்னப்போ நான் சொன்னதும் அதே வார்த்தைதான். எனக்குப் புத்தி இருக்குன்னு நெனச்சிட்டு இருந்தேன்."

அம்மாவின் படுக்கையருகே இதை மனசில் வைத்துக்கொண்டா உட்கார்ந்திருந்தார் மனிதர்?

ரெஜிஸ் ஒரு நாற்காலியை இழுத்து அப்பாவுக்குப் போட்டார். எவெலின் அத்தை காப்பி போட எழுந்தார். கொஞ்ச நேரம் கழித்து ரெஜிஸ் கேட்டார்.

"என் பொண்ணு உங்க வீட்டுக்கு எந்த வாசல் வழியா வருவா?"

"பலகை மாட்டியிருந்த வாசல் வழியாத்தான்" என்றார் அப்பா. "ஆனா எனக்கு அறுபது வயசு. நான் முட்டை இல்ல. கொஞ்சம் கொஞ்சமாத்தான் பழகுவேன். முதல்ல உங்க ஆளுங்க ஒவ்வொருத்தரா வந்துட்டுப் போங்க."

அப்படியே நடந்தது. முதலில் எவெலின் அத்தை தனியாக வந்து ஏழு கறியில் ஆறைப் புகழ்ந்து ஏழாவதற்கு உப்புப் போதாது என்றார். "முதல் ஊசி" என்று அக்கா என் காதில் சொன்னாள். அடுத்து ரெஜிஸ் வந்தார், கொட்டகையைப் பார்க்க. சேவலோடு அரை நாள் பேசினார். அதற்கப்புறம் அவர் வராத ஞாயிறுகளில் அப்பா கேட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கப்பல் ஊகெட் இல்லாமலே ரொட்ரிக்ஸுக்குப் போனது.

ஊகெட் முதல் தடவை வந்த அன்று கூடத்தில் கோயில் கமிட்டி ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், காவடிக்கு ஏற்பாடு பேச. அவள் படியேறியதும் பேச்சு நின்றது. பொருளாளர் ரங்கசாமி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "யாரு இது?" என்றார். அவர் நீட்டியிருந்த கால் வழியை அடைத்துக்கொண்டிருந்தது.

நான் அப்பாவைப் பார்த்தேன். ஊகெட்டும் பார்த்தாள்.

"நம்ம ஆளு" என்றார் அப்பா. "காலை மடக்கு, உள்ளே விடு."

ரங்கசாமி காலை மடக்கிக்கொண்டார். அப்பா அவளை நேராக உள்ளே அழைத்துப்போய் அம்மாவின் படத்துக்கு முன்னால் விளக்கேற்றச் சொன்னார். அவள் ஏற்றிவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அப்பா திரியைத் தூண்டிவிட்டார். அவள் அக்காவோடு கோழி பார்க்கப் போன பிறகும் படத்தின் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். கூடத்தில் எல்லோரும் காத்திருந்தார்கள். நானும், திரும்பி வந்த அக்காவும் அவரைக் கூப்பிடப் போனோம்.

"எல்லாம் முட்டையிலேயே பண்ணியிருக்கணும்" என்றார் எங்களைப் பார்க்காமல். "உங்கம்மா முட்டையில இருந்தப்பவே எனக்குத் தெரிஞ்சிருந்தா, என் ரத்தத்துல ஒரு சொட்டு விட்டிருப்பேன்."

"அம்மா பாட்டி வயித்துல இருந்தப்போ உங்களுக்கு நாலு வயசு, பப்பா" என்றாள் அக்கா மெதுவாக.

அப்பா திரும்பினார். கண் நனைந்திருந்தது, ஆனால் கோபமாகத்தான் கேட்டார்.

"நாலு வயசுல ரத்தம் இருக்காதா?"